நாலு மணி வெட்டு

சத்துவாச்சாரியில் கார் நிறுத்தக் கட்டிய இடத்தில்
காருக்குப் பதில் லேத் நிற்கிறது.
சிப்காட்டில் மூடிய கம்பெனியின் ஏலத்தில்
பழைய இரும்பு விலைக்குக் கிலோக் கணக்கில் எடுத்தது.
த்ரீ ஃபேஸ் எழுதிக் கொடுத்தபோது
மின்வாரியத்தில் கேட்டார்கள்,
"மாவு மில்லாம்மா?"
ஆமாம் என்றிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

பகலில் எனக்குத் தோல் கம்பெனியில் கணக்கு.
அங்கே பைசா பிசகாது.
இங்கே
கைப்பிடியைத் திருப்பினால் முதல் கால் சுற்று வெறும் பேச்சு,
அதற்குப் பிறகுதான் காரியம்.
சக்கின் மூன்றாவது தாடைக்குப் பிடிப்புக் குறைவு,
சிகரெட் அட்டைத் துண்டு கொடுத்தால்தான் ஒத்துக்கொள்ளும்.

முனிரத்தினம் கோணிப்பையில் கொண்டுவந்தது
ஒரு கனெக்டிங் ராட்.
காட்பாடி ரோட்டில் கரும்பு ஜூஸ் வண்டி, டீசல் என்ஜின்,
செய்த கம்பெனி இப்போது இல்லை.
"மெட்ராஸ் ஜி.பி. ரோடு வரைக்கும் அலஞ்சாச்சுக்கா.
கடக் கடக்குனு அடிக்குது.
வர்றவன் கிளாஸத் தூக்கிக்கினு
தள்ளிப் போய் நிக்கறான்."
சின்ன முனையின் புஷ் முட்டையாகியிருந்தது.
அளக்கவே வேண்டாம்,
விரலுக்குத் தெரிந்தது.

வெண்கலத்தில் ஒரு துண்டு.
ஞாயிறு மதியம், கத்திரி வெயில்,
ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே நான், லேத், ஒரு டேபிள் ஃபேன்.
சரி என்றது மைக்ரோமீட்டர்.
சூட்டில் வெண்கலம் சொன்ன பொய்யை
அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னது.
சாயங்காலம் ஆறியபின்
மூன்று பாயிண்ட் இளைத்திருந்தது,
ஒரு தலைமுடியை நெடுக மூன்றாய்க் கிழித்தால் ஒன்று.
வைஸில் வைத்து அழுத்த வேண்டிய புஷ்
கட்டைவிரலுக்கே உள்ளே போனது.
இருநூற்று எண்பது ரூபாய்.
தேவநேசனிடம் சொல்லவில்லை.
ஃப்ரிட்ஜ் மேலே இப்போது
கரண்ட் பில்லுக்குப் பாரமாக இருக்கிறது.

இரண்டாவது துண்டை இரவே கடைந்து
அரை மில்லி மிச்சம் விட்டுப் படுத்தேன்.
இந்த ஊர் மலை
பகலெல்லாம் வாங்கிய சூட்டை
இரவெல்லாம் தவணையில் கட்டும்.
நாலு மணிக்குத்தான் பாக்கி தீரும்.

நாலு மணிக்குத் தொட்டேன்.
லேத்தும் துண்டும் மைக்ரோமீட்டரும்
ஒரே வீட்டுக்காரர்கள் போலிருந்தன.
ஒரு வெட்டு. நிறுத்தி, டீ போட்டுக் குடித்து,
அளந்து, இன்னொன்று.
அதை வெட்டு என்று சொல்லக் கூடாது, தடவல்.
மஞ்சள் சுருள் மணிக்கட்டில் விழுந்தது, சுடவில்லை.
பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று மூடியது.
உள்ளே தேவநேசன் காதின் மேல் தலையணை.

விடிந்ததும் வைஸில் அழுத்தினேன்.
முனகிக்கொண்டு, மனமே இல்லாமல் போனது புஷ்.
அப்படித்தான் போக வேண்டும்.
நெருக்கத்தில் உள்வட்டம் சுருங்கியதற்கு
ரீமரால் ஒரு சுற்று.
பின்னைப் போட்டு நிமிர்த்திப் பிடித்தேன்.
தன் எடையில் இறங்கியது,
அவசரப்படாமல்.

திங்கள் அரை நாள் லீவு.
முனிரத்தினம் ஹேண்டிலைச் சுற்றினான்.
கரும்புகை, இருமல்,
பிறகு டப் டப் டப்,
நடுவில் வேறெதுவும் இல்லை.
பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன்
வண்டியில் சாய்ந்துகொண்டே ஐஸ் இன்னும் கேட்டான்.
"எவ்ளோ நாளு வரும்க்கா?"
தெரியாது. எண்ணெய் விடு என்றேன்.
கிளாஸில் இஞ்சி கொஞ்சம் தூக்கல்.

புதன்கிழமை வவுச்சர் கட்டைப் பிரித்தபோது
என் தலையிலிருந்து உதிர்ந்தது ஒரு சுருள்,
பற்றுக்கும் வரவுக்கும் நடுவில்.
மேனேஜர் குனிந்து பார்த்தார்.
"தங்கமாம்மா?"
"இல்ல சார்,
கரும்பு ஜூஸ்."