உள்ளங்கைக் கணக்கு

துவாஸிலிருந்து முதல் வண்டி வந்தபோது
இரவு பதினொன்று நாற்பது.
பதினான்கு பேர் என்றார்கள்.
வண்டி நிற்பதற்குள் பத்தொன்பது ஆகியிருந்தது.

ஆளுக்கு அரை நிமிடம்.
அதற்குமேல் எடுத்தால்
அடுத்தவரிடம் திருடியதாகும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
அன்றைக்குப் பொம்மைகள், சிவப்புச் சாயம்.
சாயத்துக்கு வாடை கிடையாது.

கத்துகிறவன் காத்திருக்கலாம்.
முதல் பாடமே இதுதான்,
கால்கள்தான் இதைக் கற்க மறுக்கின்றன.
கத்தும் தோலில் நரம்பு உயிரோடு இருக்கிறது:
மஞ்சள் அட்டை, நகரு.
சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு
"வலிக்கலக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்,
அவன மொதல்ல பாருங்க" என்றவனிடம்
ஓடினேன்.

மாயழகு. இருபத்தொன்பது. அறந்தாங்கிப் பக்கம்.
புருவங்கள் இல்லை.
மூக்குத் துளைக்குள் கரி.
முதல் நாள் முதல் காட்சி பார்த்து
விசிலடித்து ஓய்ந்தவனைப் போல
குரலில் ஒரு கரகரப்பு.
அந்தக் கரகரப்புக்குத்தான் சிவப்பு அட்டை கட்டினேன்.

தொண்டை வீங்கி அடைக்குமுன்
குழாய் போயாக வேண்டும்.
குழாய் போனபின் பேச்சில்லை.
கோ டாக்டர் கையுறை மாட்டும் நேரம்தான் மிச்சம்.
அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடிந்தது.
எடை எவ்வளவு என்று கேட்டேன்.
அறுபத்தி நாலு என்றான்.

எண்சாண் உடம்பென்று சொல்லிவைத்தவர்களுக்கும்
கைதான் அளவுகோல்.
எங்களுக்கும் அப்படியே:
அவரவர் உள்ளங்கை, விரல்களும் சேர்த்து,
அவரவர் உடம்பில் நூற்றில் ஒன்று.
மாயழகின் கை அளக்கும் நிலையில் இல்லை.
என் கையை விரித்து
அவன் மார்புக்கு ஓர் அங்குலம் மேலே
தொடாமல் நகர்த்தினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு
மந்திரிக்கிறவள் போலத் தெரிந்திருக்கும்.
முப்பத்தெட்டு வந்தது.
என் கை சிறியது,
முப்பத்தைந்து என்று எழுதினேன்.
அரை நிமிடத்தில் முடிகிற கணக்கில்லை இது.
திருடினேன்.

இடுப்பில் கறுப்பு அரைஞாண்கயிறு.
கத்தரிக்கோலைக் கண்டதும்தான் பயந்தான்.
"அத மட்டும் வேணாங்க்கா."
அதை எப்போது அறுப்பார்கள் என்று
எனக்கும் தெரியும்.
பக்கத்தில் நின்ற ஸுரைடாவுக்குத் தெரியாது.
அவளுக்கு
மோதிரம், கைக்கடிகாரம், கயிறு எல்லாம் ஒன்று:
உடம்பு வீங்கும், இறுக்குவது போக வேண்டும்.
ஒரு நொடி ஸுரைடாவாக இருந்து அறுத்தேன்.
"திரும்பக் கட்டிக்கலாம்" என்றேன்.
அவன் பதில் சொல்வதற்குள்
மருந்து ஏறிவிட்டது.

ஒன்பதாம் கட்டிலில் ஷஃபிகுல்.
தொண்ணூறு.
அவருக்கும் வலி இல்லை.
அவர் அட்டையின் நிறத்தை
இங்கே எழுதப்போவதில்லை.
பானி என்றார். திரும்பவும் பானி.
உதட்டில் ஈரப் பஞ்சை வைத்துவிட்டு
வர்றேன் என்றேன்.
போகிறேன் என்று விடைபெறத் தெரியாத மொழி
என்னுடையது.
அவருக்கு அது புரியாது,
ஆனாலும் தலையசைத்தார்.

நான் வந்தேன்.
கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

காலை ஏழு ஐம்பதுக்கு ஊட்ரமில் ரயில்.
கம்பியைப் பிடித்திருந்த முன்கைகள்
நாலு, நாலு, மூன்றரை.
தள்ளுவண்டியில் தூங்கிய குழந்தையின் தலை
பதினெட்டு.
கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்று ஏழாம் நாள்.
குழாய் இன்னும் எடுக்கவில்லை.
பெயரெழுதிய உறையில் கயிறு பத்திரமாக இருக்கிறது.
வீக்கம் வடிந்ததும் கேட்பான்.
முடிச்சுக்கு நீளம் விட்டு அறுத்தேனா,
உறையைப் பிரித்துப் பார்க்க
எனக்குத் துணிவில்லை.