கோப்பி நடக்கும் கரை

பத்து ஃபெரிங்கி. காலை பத்தரை.
குதிரைக்கு நாற்பது ரிங்கிட்,
முதல் ஹோட்டலின் சாய்ந்த தென்னையிலிருந்து
ஜெட் ஸ்கீ கொட்டகை வரை போய்த் திரும்ப.
போட்டோ சேர்த்தால் ஐம்பது.
விலையை நான்கு மொழியில் சொல்வேன்,
ஐந்தாவதில் விரல்களால்.

குதிரையின் பெயர் கோப்பி.
பால் ஊற்றாத நிறம். பதினாறு வயது.
முன்னங்கால் முட்டியில் வாதம்.
கொட்டகை வந்ததும் தானே திரும்பும்,
தென்னை வந்ததும் தானே நிற்கும்.
கயிறு சும்மா, ஒப்புக்கு, என் கையில்.

அன்றைக்கு வந்தவள் எழுபதைத் தாண்டியவள்.
தோள் இரண்டும் வெந்த இறால்.
காசை நீட்டினாள், ஏறவில்லை.
"கூட நடக்கிறேன். போதும்."

பெயர் வில்லெமீன்.
பெயருக்குள் மீன் இருக்கிறதே என்றேன்.
எந்த மீன் என்று கேட்டாள்.
தண்ணீரில் ஒன்று, வானத்தில் ஒன்று,
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றதும்
"தண்ணீரில் இருப்பதையே எழுதிக்கொள்" என்றாள்.
இந்த ஊரின் பெயர்?
பறங்கிக் கல், அம்மா.
உங்களைப் போல் யாரோ வந்து இறங்கிய கல்.

ஒல்லாந்தில் ஒரு கடலோரச் சிற்றூராம் அவளுக்கு.
(எனக்கு ஒல்லாந்தர்
பாடப்புத்தகத்தில் மலாக்காவோடு முடிந்துபோனவர்கள்.)
அங்கேயும் ஆட்கள் வருவார்களாம்,
நூற்றுச் சொச்சம் படியேறிக்
கலங்கரை விளக்கத்தின் உச்சியில் மூச்சு வாங்க.
வாலைப் பிடித்துத் தலையண்ணாந்து
பச்சை மீனை வெங்காயத்தோடு விழுங்க.
காற்றுக்கு முதுகு காட்டிய பிரம்பு நாற்காலியில்
ஜூலையிலும் கம்பளிச் சட்டையோடு
வெயிலுக்குக் காத்திருக்க.

நானும் விடவில்லை.
இதோ இழுதுமீன் எச்சரிக்கைப் பலகை.
அதோ பாராசூட்டில் தொங்கும் மாப்பிள்ளை,
கீழே வீடியோ எடுக்கும் பெண்.
ராத்திரி வந்தால், நாளைக்கே நின்றுபோகும் கைக்கடிகாரம்.
சிரித்தாள். கோப்பியின் கழுத்தில் கை வைத்தாள்.
கையை அப்புறம் எடுக்கவில்லை.

"எங்கள் ஊர் நடுவில் ஒரு வெண்கலக் குதிரை.
எல்லோரும் அதன்மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுப்பார்கள்.
என் அப்பா காலத்தில்
மீட்புப் படகைக் கடலுக்குள் இழுத்துப் போனவை குதிரைகள்.
ஒரு நவம்பரில் ஆறு போயின.
நான்கு வந்தன."
அந்த இரண்டும் ஏன் போயின என்று கேட்டேன்.
முட்டாள்தனமான கேள்வி.
"ஆறுமே போயின" என்றாள்.
"யாரும் அவற்றிடம் கேட்கவில்லை."

கொட்டகை வந்தது. கோப்பி திரும்பியது.

"இது கடலில் இறங்கியிருக்கிறதா?"
இல்லை. உப்பு பட்டால் சேணம் கெடும்.
முதலாளி ரொஸ்லானின் முதல் சட்டம் அது.
"சேணம் இல்லாவிட்டால்?"

மாலை ஏழு.
ஜெட் ஸ்கீக்களைக் கரையேற்றிக் கட்டியிருந்தார்கள்.
சேணத்தை அவிழ்த்துத் தென்னையில் சாய்த்தேன்.
பதினோரு வருடமாகக் கடலுக்குப் பக்கவாட்டிலேயே நடந்த மிருகம்
முதல்முறை அதற்கு முகம் காட்டி நின்றது.
நான் இழுக்கவில்லை. அவளும் தள்ளவில்லை.
குளம்பு. கணுக்கால்.
வாதம் பிடித்த முட்டி.
அங்கே நின்றது.
அலை வந்து அடிவயிற்றைத் தொட்டபோது
உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது.
பிறகு நிதானமாக, வெகுநேரம்,
கடலில் மூத்திரம் பெய்தது.

வில்லெமீன் மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.
கண்ணைத் துடைத்தாள். மறுபடி சிரித்தாள்.
எது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவள் புதன்கிழமை போய்விட்டாள்.
யாரோ ரொஸ்லானிடம் சொல்லிவிட்டார்கள்.
முப்பது ரிங்கிட் பிடித்தம்.

கோப்பிதான் கெட்டுப்போய்விட்டது.
முதுகில் ஈப்போ குடும்பத்துப் பையன்,
கையில் ஐஸ்கிரீம்,
பாதி வழியில் அலைப்பக்கமாக ஒதுங்குகிறது.
கயிற்றை இப்போது
உண்மையாகவே பிடிக்க வேண்டியிருக்கிறது.