ரசீதின் பின்பக்கம்

வல்திவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
அன்றைக்குச் செய்தி ஒன்றுமில்லை.
வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த எலியேசெர்
குடையை மடக்காமலே கேட்டார்:
"மர ஆலையில் எனக்கு இரவுக் காவல்.
பத்திலிருந்து ஆறு வரை.
நாய்கூடத் தூங்கிவிடுகிறது.
நீ என்னென்னவோ தேசத்துப் படமெல்லாம் பார்ப்பாயாமே?"

இந்த மருந்துக்கடையில் நான் எதைக் கொடுக்கவும்
டாக்டர் சீட்டு வேண்டும்.
இதற்கு வேண்டாம்.
ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதினேன்.

முதலில் ஒரு கிர்கிஸ் படம்.
அக்காவும் தங்கையும் அப்பாவின் லாரியைக் கழற்றிப்
பூட்டுகிறார்கள்.
இரண்டு மணி நேரமும் அதுதான்.
முடிவில் ஒரு திருகாணி மிஞ்சும்.
அது யார் பைக்குள் போகிறதென்று பாருங்கள்,
நான் அழுத இடம்.

நைரோபியில் ஞெரி என்றொருத்தி
தையல் மிஷினின் மிதிச்சத்தத்தை
அடுக்கி அடுக்கி ஒரு இரவு நேரத்து ரயிலாக்கியிருக்கிறாள்.
நான்காவது நிமிடம் நூல் அறும்.
அந்த மௌனத்துக்காகத்தான் அதுவரை அத்தனை சத்தமும்.

போர்த்தோ பையன்கள் இருவர்:
ஒரு கிதார், ஒரு டிரம் மிஷின்,
இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
ஒலியைக் கூட்டாதீர்கள்,
பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி
பாதிதான் கேட்க வேண்டும்.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்.
சம்பளம் மற்றக் காதுக்கு.

ரசீதில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்:
கிணறு எண் 7.
துனீசியப் படம்.
கேமரா கடைசிவரை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காது.

மூன்று வாரம் ஆளைக் காணோம்.
மீன் சந்தைப் படித்துறையில் கடற்சிங்கங்கள்
தலைவெட்டுக்குக் காத்துக் கிடந்த ஒரு காலையில்
வந்தார், மரத்தூள் மணத்தோடு.

"நூல் அறுந்ததும் எழுந்துபோய்
கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.
போர்த்தோ பையன்கள் வேண்டாம், நெஞ்சு எரிகிறது.
லாரிப் படம் நல்ல படம்.
ஆனால் அந்தத் திருகாணி கியர்பெட்டியுடையது.
அந்த வண்டி மலை ஏறாது, பெண்ணே."

மூன்று தடவை பார்த்தவள் நான்.
எனக்குத் தோன்றியதே இல்லை.

"இருந்தாலும் அந்தக் கிணறு எண் ஒன்று..."
என்று ஆரம்பித்தார்.

ஒன்று.
ஏழுக்குக் குறுக்குக் கோடு போட மறந்திருக்கிறேன்.

"ஊரே வாளியோடு வரிசையில் நிற்கிறது.
கயிறு மேலே வருகிறது.
வாளிக்குள் தண்ணீர் இல்லை,
மணியடிக்கும் டெலிபோன்.
ஒருவரும் தொடவில்லை.
ஒரு கிழவர் மட்டும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
எடுத்துச் சொல்கிறார்:
'இல்லை, அவர் வெளியே போயிருக்கிறார்.'
அப்புறம் வரிசை நகர்கிறது.
யார் அந்த அவர்?
இரண்டு இரவாக ரோந்து போகும்போதெல்லாம் அதே நினைப்பு."

திருத்தவில்லை நான்.
"அதைச் சொன்னால் ருசி போய்விடும்" என்றேன்,
பார்த்தவள் போல.

அன்றிரவு ஆறு மொழிகளில் தேடினேன்.
ஏழு இருக்கிறது.
ஒன்று இல்லை.
எந்த விழாவுக்கும் வரவில்லை,
எந்த இயக்குநர் பெயரிலும் இல்லை.
நாய் தூங்கியது என்றாரே,
மற்றதை அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இப்போது யார் கேட்டாலும்
முதல் வரியில் அதைத்தான் எழுதுகிறேன்.
இருமல் மருந்துக்கு வந்த வாத்தியாருக்கு.
படகோட்டியின் மகனுக்கு.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் யோசெலினுக்கு.
எங்கே கிடைக்கும் என்பார்கள்.
தேடுங்கள், மூன்று மணிவாக்கில் என்பேன்.

நேற்று யோசெலின் வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து.
"பார்த்துவிட்டேன்.
அதென்ன கிழவர் என்றாய்?
போனை எடுத்தது ஒரு சின்னப் பெண்ணாயிற்றே."

கையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எதுவரை எண்ணினேன் என்பது மறந்துபோய்
மறுபடியும் தொடங்கினேன்,
ஒன்று.