கையின் பாரம்

இன்றைக்குப் பதினாறாவது கழுத்து.
எமல்டா அருளப்பு, வயது ஐம்பத்திரண்டு, பாசையூர்.
தொழில் என்ற இடத்தில் "கூறுதல்" என்று எழுதி
அதை வெட்டி "மீன் ஏலம்" என்று
யாரோ திருத்தியிருந்தார்கள்.

சங்கிலியைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்தாள்.
தோளுக்குக் கீழே தலையணை வைத்து
தலையைப் பின்னுக்குச் சரிக்கச் சொன்னேன்.
வள்ளத்தின் அணியம் மாதிரி எழும்பியது கழுத்து.
ஜெல் குளிரும் என்று சொல்லி முடிப்பதற்குள்
"ஐஸுக்குள்ள கை விடுற எனக்கோ" என்றாள்.
குரல் அப்படி. திரைச்சீலைக்கு அப்பால்
வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் இருவர் காதுக்கும் எட்டாத ஒரு சத்தம்
தோலுக்குள் இறங்கி, பட்ட இடத்தில் பட்டு
திரும்பி வருகிறது.
திரையில் சாம்பல். சாம்பலுக்குள் சாம்பல்.
இரு கரையிலும் நாடிகள் துடிக்க
நடுவில் மூச்சுக்குழாய், கறுத்த வளைவாக.
தைரொயிட்டின் இடது மடல் சுத்தம்.
வலதில் ஒன்று, கடற்பஞ்சு போலப் பொத்தல் பொத்தலாக.
அதை விடலாம். எத்தனையோ பேருக்கு இருக்கிறது,
சொந்தக்காரரோடு சேர்ந்தே கிழடாகி
சேர்ந்தே போய்விடும்.

அதற்குக் கீழே மற்றது.
உள்ளே நீரில்லை, முழுக்கத் தசை. இரண்டு புள்ளி.
சுற்றியிருப்பதைவிடக் கறுப்பு. இன்னும் இரண்டு.
விளிம்பு ஒழுங்கு. சுண்ணாம்புப் பொட்டுகள் இல்லை.
நாலு என்றால் பதினைந்து மில்லிமீற்றர் வரை பொறுக்கலாம்,
வருடம் கழித்து வாங்கோ என்று அனுப்பிவிட்டுப்
பதினேழாவது கழுத்தைக் கூப்பிடலாம்.
அளந்தேன். பதினொன்று அகலம், பதினொன்று உயரம்.

சமம்.

படுத்துக் கிடக்கிற கட்டி பெரும்பாலும் சாது.
எழும்பி நிற்கிறதுதான்,
இழையின் போக்கை மதியாமல்
அகலத்தை மிஞ்சி உயர்கிறதுதான்
ஒரேயடியாக மூன்று புள்ளி ஏற்றும்.
சமம் எந்தப் பக்கம்?

"மனுசன்ர போட்டிலயும் இப்பிடி ஒண்டு கிடக்கு டொக்டர்."
"கதையாதேங்கோ, விழுங்காதேங்கோ."
"பெரிய மீன் எண்டு காட்டும். இழுத்துப் பாத்தால் பாசி."
அவள் சொல்லோடு கட்டியும்
மேலே போய்க் கீழே வந்தது.

அப்போதுதான் என் மணிக்கட்டைக் கண்டேன்.
பதினைந்து கழுத்துகளின் களைப்பு
பதினாறாவதில் சாய்ந்துகொண்டிருந்தது.
அழுத்துகிறேன்.
என் கையின் பாரத்தில் அது பணிந்து கிடக்கிறது.

தூக்கினேன், ஜெல் மட்டும் தொடுகிற அளவுக்கு.
படத்தை நிறுத்தி மறுபடி அளந்தேன்.
அகலம் பத்து. உயரம் பன்னிரண்டு.
இன்னொரு தரம். பத்து. பன்னிரண்டு.

ஏழு.

அறிக்கையில் நான் எழுதுகிற ஆங்கிலச் சொல்லுக்கு
சந்தேகம் என்பதைவிட வேறு தமிழ் என்னிடம் இல்லை.
அந்தச் சொல்லை வைத்து இந்த ஊரில்
எத்தனை பேரை வெயிலில் நிறுத்தினார்கள்.
முத்திரைச் சந்தியில் என் அண்ணாவை, ஒரு பகல் முழுக்க.
அதை விட்டுவிட்டுச் சொன்னேன்:
"படத்தை வைச்சு முடிவு சொல்லேலாது.
மெல்லிய ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாப்பம்."

எழும்பி இருந்து கழுத்தைத் துடைத்தாள்.
"செவுளைத் தூக்கிப் பாக்காமல்
நானும் விலை கூறமாட்டன்."
பிறகு முதல்தரமாகக் குரலைத் தாழ்த்தி,
"சத்தம் போகுமோ?"

"ஊசியால போகாது."
உண்மை. ஆனால் அவள் கேட்டது ஊசியைப் பற்றி இல்லை.
சுரப்பிக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு நரம்பு,
என் திரையில் அது தெரிவதில்லை.

வியாழன் வரட்டாம் என்று தாதி சொல்ல
"வெள்ளி வாறன் பிள்ளை,
வெள்ளியில சைவக்காரர் மீன் வாங்கமாட்டினம்"
என்று சங்கிலியைப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளி என்று எழுதினேன்.
பதினேழாவது கழுத்து உள்ளே வர முன்னம்
மணிக்கட்டை ஒருதரம் உதறினேன்.