விளிம்பில் ஒரு பல்தடம்

ஐந்து பிராங்க். வெள்ளி.
இருபத்தைந்து கிராம் இருக்க வேண்டும்;
அரை கிராம் குறைகிறது.
ஆண்டு ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு.
முகப்பில் ஒரு பெண், கூந்தலில் கோதுமைக் கதிர்,
கழுத்துக்குக் கீழே எறும்பெழுத்தில் ஒரு சொல்:
சோதனை.

லீல் நகரத்து ஏலக்கடை, மூன்றாம் மாடி.
குறிப்பெழுதுவது என் வேலை.

அரசன் ஓடிப்போன ஆண்டு அது.
புதுக் குடியரசுக்குப் புது முகம் தேடிப்
போட்டி வைத்தார்கள்.
தோற்றவர்களில் ஒருவன் ஓனெசீம் கார்திலியே.
அவன் அச்சில் அடித்தவை பதினொன்று.
இரண்டு அருங்காட்சியகத்தில்,
ஏழு வங்கிப் பெட்டகங்களில்,
ஜெனீவாவில் ஒரு பல் மருத்துவரிடம் ஒன்று.
எல்லாம் நேற்றுப் பிறந்தவை போல மின்னும்.

இது மின்னவில்லை.
கன்னம் மழுங்கியிருக்கிறது.
சந்தையே பார்க்காத காசுக்கு
ஏது இத்தனை தேய்மானம்?

லென்ஸைச் சாய்த்தேன்.
விளிம்பில் ஒரு பல்தடம்.
வெள்ளி அவ்வளவு லேசில் குழியாது.

காசோடு வந்த கணக்குச் சீட்டில் ஒரு வரி:
'ஃபிலோமென் த்ராஷே, சலவைக்காரி,
நான்கு காலைகள் அசையாமல் உட்கார்ந்ததற்கு'
தொகை இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கோடு மட்டும்.

மீதி என் கற்பனை. குறிப்பில் சேராது.

கையில் காசில்லாதவன்
அவள் முகத்தையே அவளுக்குக் கூலியாகக் கொடுத்தான்.
ஜூன் மாதம். தெருவை மறித்துப் பெயர்த்த கற்கள்.
ரொட்டிக்கடைக்காரி வாங்கினாள், கடித்தாள்,
புரட்டிப் பார்த்தாள்.
"வெள்ளிதான். ஆனால் செல்லாது.
ராஜா தலை போட்டது இருந்தால் கொண்டு வா."
காசிலிருந்த முகத்தையும்
எதிரே நின்ற முகத்தையும்
அவள் சேர்த்துப் பார்க்கவில்லை.

தட்டானிடம் போட்டிருந்தால்
ஒரு வாரத்து ரொட்டி.
அவள் ஏன் போடவில்லை
என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.
பாவாடை மடிப்பில் முடிந்து வைத்து,
ஆற்றோரப் படகில் குனிந்து நிமிர்ந்து
அடுத்தவர் படுக்கை விரிப்புகளைத் துவைத்திருப்பாள்.
ஒவ்வொரு குனிவுக்கும் ஓர் உரசல்.
அந்த அரை கிராம்
அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

ட்யுப்ரேல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"பல்தடமா? மூவாயிரம் குறைத்துக்கொள்."
குறைத்தேன்.

அவர் காபி எடுக்கப் போன நேரத்தில்
'சேதம்' என்பதை அடித்துவிட்டுப்
'புழக்கம்' என்று எழுதினேன்.
வந்து திருத்துவார்.
திருத்தட்டும்.