இரண்டு சாட்சிகள்

சிம்மக்கல் தர்ம வளவில்
ஏழாம் அறை காலியாகிப்
பதினேழு நாள்.
சாவி என் மேசை டிராயரில்,
ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில்.

பருத்தி வியாபாரி எழுதிவைத்த சாசனம்
கரையான் விட்டுவைத்த மட்டும் இப்படி:
வாடகை கிடையாது.
மாதம் ஆறு படி அரிசி.
ராத்திரி ஒன்பதுக்கு விளக்கணைக்க வேண்டும்.
அவர் திதியன்று
அவர் பேரைச் சொல்லி இலையில் உட்கார வேண்டும்.
யாருமற்றவராக இருக்க வேண்டும்;
அதற்கு இரண்டு பேர் சாட்சி வேண்டும்.

சீனியம்மாள் வந்தாள்,
மாட்டுத்தாவணியில் பூ எடைபோட்டவள்.
கூடவே யானைக்கல் டீக்கடை மொக்கச்சாமி,
ஆற்றோரம் துணி வெளுக்கும் ராக்கு.

"இதுக்கு யாருமே இல்ல சார்"
என்றான் அவன்,
அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டபடி.
ராக்குவின் சுருக்குப்பையில்
சீனியம்மாளின் மருந்துச் சீட்டு.

கையெழுத்து ஒன்று, கைநாட்டு ஒன்று.
உறவினர் என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினேன்.

சாவியை வாங்கிக்கொண்டு
அவள் கேட்டாள்:
"இவுக ரெண்டு பேரும்
வந்து போகலாமாய்யா?"

பதினோராம் ஷரத்து.
மை மங்காமல்,
ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது.

"அந்த இடத்தை மட்டும்
கரையான் தின்னுருச்சும்மா"
என்றேன்.