இருக்கையின் உயரம்

வுப்பர்டாலில் சமதரை என்றால் ஆறு மட்டும்தான்.
அதற்கு மேலேயும் ரயிலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
மற்றதெல்லாம் ஏற்றம்,
அல்லது நேற்று ஏறியதன் இறக்கம்.

அறுபது யூரோவுக்கு வாங்கினேன்.
தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மலைச் சைக்கிள்,
கத்தரிப்பூ நிறத்தில் தொடங்கி
பின்சில்லை நோக்கிப் போகப் போக வெளிறும் உருக்கு.
விற்ற எக்கார்ட் ஆறடி நாலங்குலம்.
நிலவறைக் கதவுக்குள் குனிந்து போய்
கொழுக்கியிலிருந்து கழற்றித் தந்தார்.
முழங்கால் போனபிறகு பத்தொன்பது வருடம்
தொங்கியபடியே இருந்ததாம்.
"ஓடும்" என்றார்.
பிறகு, "ஓடியது."

எனக்குப் பெரிய நோக்கம் ஒன்றுமில்லை.
ஐந்தே காலுக்கு டயாலிசிஸ் நிலையத்தைத் திறக்க வேண்டும்.
அந்த நேரத்து பஸ் மனம் இருந்தால் வரும்.
கண்ணாடிப் பெட்டியில் வைக்க அல்ல,
மழையில் நனைக்க, கம்பத்தில் பூட்ட,
சோற்றுப் பெட்டியோடு தினம் ஏற.

ரயர் வாங்கினேன், பிரேக் கட்டைகள், வயர்கள்.
பின்சில்லின் நடுவைத் திறந்தால்
பழைய கிறீஸ் பழம்புளியாய் இறுகிக் கிடந்தது.
குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணினேன்.
பதினெட்டு இருக்க வேண்டும். பதினேழு.
அரை மணிநேரம் தரையில் தவழ்ந்தேன்.
அது என் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது.

எல்லாம் இணங்கியது, இருக்கைத் தண்டைத் தவிர.
உருக்குக் குழாய்க்குள் அலுமினியம்
வெள்ளை பூத்து இறுகி
எக்கார்ட்டின் உயரத்திலேயே நின்றது.
ஏறி உட்கார்ந்தால் என் கால்
பெடலைத் தேடிக் காற்றைத் துழாவியது.

எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுத்தேன்.
அமோனியா விட்டேன். மேல்வீட்டு கெசீன கதவைத் தட்டி
பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டாள்.
கொதிநீர், அதன்மேல் ஐஸ்.
தண்டின் தலையைக் குறட்டில் பூட்டி
சட்டத்தையே பிடித்துத் திருகினேன்.
கணவர் படியில் நின்று
மின்சார சைக்கிளின் விலையைச் சொன்னார்.
கேட்காமலே தவணையையும் சொன்னார்.

எக்கார்ட்டுக்குப் போன் எடுத்தேன்:
கடைசியாக எப்போது இருக்கையை இறக்கினீர்கள்?
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"இறக்கவே இல்லையே. எதற்கு?
வாங்கின அன்று வைத்தேன்.
அதற்குப் பிறகு நான் வளரவில்லை."

அறுத்தேன்.
வெளியே நின்றதைத் தறித்து
உள்ளே மிஞ்சியதை, துணி சுற்றிய வாளலகால்
நெடுக்காக, ஏழு இரவு,
அடுக்குமாடியின் சலவை இயந்திரங்களுக்கு நடுவே.
அலுமினியம் மட்டும், உருக்கைத் தொடக்கூடாது.
அலகின் சத்தம் மாறும் இடத்தில் நிற்க வேண்டும்.
வேலையிலும் அப்படித்தான். நாளத்தின் மறுசுவருக்கு
ஒரு மயிரிழை முன்னால் ஊசி ஏதோ சொல்லும்,
அங்கே கையை நிறுத்துவேன்.
எட்டாம் இரவு அது சுருண்டு கழன்றது,
கறுவாப்பட்டை போல.
சட்டத்தைக் கவிழ்த்தேன். மடியெல்லாம் வெள்ளைத் தூள்,
எந்தக் காட்டினதோ, நாலைந்து ஊசியிலைகள்.

புதுத் தண்டை என் அளவுக்கு வைத்துப்
படம் அனுப்பினேன்.
நடுச்சாமத்தில் பதில் வந்தது:
"கான்டில் இடப்பக்கம் இழுக்கும். பார்த்து நேராக்குங்கள்."
ஓட்டிப் பார்த்தேன். இழுத்தது.

இப்போது நவம்பர்.
கடைசி ஏற்றத்தில் செயின்
சின்னப் பல்லுக்கு இறங்க மாட்டேன் என்கிறது.
திருகைத் திருப்பித் திருப்பி நானும் விட்டுவிட்டேன்.
மூச்சு உள்ளவரை மிதிப்பது, பிறகு தள்ளுவது.
முதல் வாரம் மருந்துக்கடை வரை.
போன வாரம் தபால்பெட்டி.
இன்று தபால்பெட்டியையும் தாண்டி
அந்தப் பச்சைக் கதவுக்கு இரண்டு வீடு முன்னால்
நெஞ்சு அடைக்க நின்றேன்.
கால் உடனே தரையில் பட்டது.